டியேங் மலையில் செருப்புக் காவல்

மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் மருதமுத்துவின் வீட்டுக்கு யார் போனாலும், காப்பி ஆறுவதற்குள் அவர் மனைவி மோகனா ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். எல்லாம் கோயில் படங்கள். பத்துமலைப் படிக்கட்டில் மோகனா, மாரான் முருகன் கோயில் வாசலில் மோகனா, பினாங்கு தண்ணீர்மலையில் மஞ்சள் புடவையில் மோகனா. சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் டியூஷன் டீச்சர்கூட ஒரு படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மருதமுத்து மட்டும் எதிலும் இல்லை. "அண்ணன் எங்கக்கா?" என்று விவரம் தெரியாதவர்கள் யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "அவரா, வேன்கிட்ட" என்பாள் மோகனா. அதைச் சொல்லும்போது அவள் குரல் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, மருதமுத்து எழுந்து பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். மழை பெய்துகொண்டிருந்தாலும் போவார்.

மனுஷன் செய்த பாவம் வண்டி ஓட்டத் தெரிந்து வைத்திருந்ததுதான். அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் பால் ஏற்றுகிற லோரியில் கிளீனராக ஏறி, பிறகு அதே லோரிக்கு டிரைவரானார். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து வீடு கட்ட ஆரம்பித்தபோது லயத்துச் சனம் ஆளுக்கொரு தாமானாக, புதுக் குடியிருப்பாகச் சிதறியது. இவர் ஆயர் குரோ பக்கம் வந்து ஃபேக்டரி பஸ் ஓட்டினார். மோகனா எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தாள். இரண்டு பேரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சொந்தமாக ஒரு வேன் வாங்கினார்கள். வாரநாளில் அந்த வேனில் ஃபேக்டரிப் பெண்கள், ஞாயிற்றுக்கிழமையானால் கோயிலுக்குப் போகும் கூட்டம்.

கோயில் வேன் ஓட்டுகிறவனுக்குச் சாமி கும்பிடக் கொடுத்து வைக்காது. இது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது, கிடைத்தால் எவனாவது குறுக்கே போட்டுவிட்டுப் போயிருப்பான், பின்னால் ஹாரன் காதைப் பிளக்கும். அதற்குள் நம் சனம் சாவகாசமாக இறங்கி, "அண்ணே, இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று செருப்பை எல்லாம் வேன் கதவுக்கடியில் விட்டுவிட்டு நடையைக் கட்டிவிடும். செருப்பு மட்டுமா. பை, பால்குடம் வைத்த கூடை, தூங்குகிற குழந்தை, ஒரு தைப்பூசத்தில் ஒருத்தி தன் மாமியாரையே முழுசாக அவரிடம் விட்டுவிட்டுப் போனாள். "சரிலா, போய்ட்டு வாங்க" என்பார் மருதமுத்து. முடியாது என்ற சொல்லை அவர் நாக்கு பழகவே இல்லை. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று தோன்றும்.

வேனை விற்று ஓய்வாக உட்கார்ந்த பிறகுதான் டியேங் பேச்சு வந்தது. தாமான் கோயில் அன்பர் குழுவின் தலைவர் புவனேஸ்வரன், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்கத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் எதையோ படித்துவிட்டு வந்து குழுவைக் கூட்டினார். ஜாவாத் தீவின் நடுவே மலை உச்சியில் டியேங் என்று ஓர் ஊர் இருக்கிறது, தெய்வங்கள் குடியிருக்கும் இடம் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம், போரோபுதூருக்கும் முந்திய சிவன் கோயில்கள் இடிந்தும் இடியாமலும் அங்கே நிற்கின்றன, அவற்றைச் சுற்றித்தான் ஊரே இருக்கிறது என்றார். அர்ஜுனன், பீமன், கடோற்கசன் என்று அங்குள்ள முஸ்லிம்களே அந்தக் கோயில்களுக்குப் பெயர் சொல்லி அழைக்கிறார்களாம். "இதப் பாக்காம நாமெல்லாம் என்ன தமிழங்க" என்று முடித்தார். எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

மோகனாவும் தூக்கினாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனை உட்காரவைத்துப் பேசினாள். "எனக்கு முட்டி ஆபரேஷன் இருக்கு. அதுக்கப்பறம் மலை ஏறுவேனா, படி ஏறுவேனான்னு டாக்டருக்கே தெரியல. இதுதான் கடைசின்னு வச்சுக்குங்க. அங்க போயி, அந்தக் கோயில் வாசல்ல, நீங்களும் நானும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு படம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அதுக்கென்ன, எடுத்துக்கலாம்" என்றார் மருதமுத்து.

"நல்லா கேட்டுக்குங்க. இந்தத் தடவை நீங்க டிரைவர் இல்ல. டிக்கெட் எடுத்துட்டு வர்ற ஆளு. யாரு என்ன சொன்னாலும் தலைய ஆட்டக்கூடாது."

தலையை ஆட்டினார். அங்கேயே தெரிந்திருக்க வேண்டும் அவளுக்கு.

விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் கையை வீசிக்கொண்டு நடக்க, பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று எப்படியோ மருதமுத்துவின் கைக்கு வந்திருந்தது. மோகனா முறைத்தாள். "சும்மா கை வச்சேன், அவ்வளவுதான்" என்றார். ஜாவாவின் ஜோக்ஜா நகரில் இறங்கியதும் வெளியே ஒரு பழைய பஸ் நின்றது. எல்லோரும் ஏறி, ஜன்னல் பக்கம் யாருக்கு என்று தகராறு நடந்து முடிந்தது. மோகனா தன் பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். தலைவர் முன்னால் எழுந்து நின்று, "மருதமுத்து, நீங்க டிரைவர் பக்கத்துல உக்காருங்க. உங்களுக்குத்தான் வண்டித் தொழில் தெரியும். பேசிக்கிட்டு வந்தா அவரும் தூங்க மாட்டார்" என்றார். மருதமுத்து மனைவியைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். பிறகு போய் முன்னால் உட்கார்ந்தார். மோகனா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மலை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் பெயர் சுகெங். நல்ல மனுஷன், ஆனால் ஏற்றத்தில் கியரை மாற்றுகிற அழகைப் பார்த்து மருதமுத்துவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை இவர் தன் காலால் மிதித்தார். வொனோசோபோ டவுனைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக ஏற ஆரம்பித்தது. இரு பக்கமும் மலைச் சரிவெல்லாம் உருளைக்கிழங்குப் பாத்தி, அதற்கும் மேலே மேகம். மற்றவர்கள் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மருதமுத்து மூக்கை நீட்டினார். சூடேறிய எஞ்சின் வாசனை. அதை டிரைவரிடம் சொல்லி முடிப்பதற்குள் முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்ப, பஸ் ஒரு கோழிப் பண்ணைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது.

ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. புதுசு வாங்க வேண்டுமென்றால் கீழே வொனோசோபோவுக்குத்தான் போக வேண்டும். அந்த வழியாகக் காலியாக ஏறிக்கொண்டிருந்த இரண்டு பிக்கப்பைக் கை காட்டி நிறுத்தினார்கள். கிழங்கு மூட்டை ஏற்றுகிற வண்டி. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். மருதமுத்துவும் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டார். அப்போது பார்த்துப் புவனேஸ்வரன் சொன்னார், "நம்ம பெட்டியெல்லாம் பஸ்ஸில இருக்கே. யாராச்சும் ஒருத்தர் கூட இருந்தா நல்லது."

யாராச்சும் ஒருத்தர். இந்த 'யாராச்சும் ஒருத்தர்' என்பதற்கு அகராதியில் மருதமுத்து என்று அர்த்தம் போட்டுவிடலாம். ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தது மட்டும் அவரைத்தான்.

தூக்கி வைத்த காலை இறக்கினார். "நீங்க போங்க, நான் பின்னாலயே வந்துடுறேன்" என்று மனைவியிடம் சொன்னார். பிக்கப் வளைவில் திரும்பும்வரை மோகனா அவரையே பார்த்துக்கொண்டு போனாள். அந்தப் பார்வைக்கு அவள் நான்கு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

சுகெங் தன் தம்பிக்குப் போன் போட்டார், அந்தத் தம்பி வேறு யாருக்கோ போட்டார், பெல்ட் மோட்டார் சைக்கிளில் வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது. வந்த பெல்ட் அளவு சேரவில்லை. மறுபடி ஆள் போனது. மருதமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டார். "பாப்பாக், நீங்க விருந்தாளி ஐயா, பேசாம உக்காருங்க" என்று சுகெங் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தால் மோகனாவின் முகம் ஞாபகம் வந்தது. அதற்கு ஸ்பேனரைப் பிடிப்பதே மேல் என்று இருந்துவிட்டார்.

அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. குளிர் காதைக் கடித்தது. கோயில் வளாகத்தின் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். ஹோம்ஸ்டேயில் எல்லோரும் சூப்பைக் குடித்துக்கொண்டு, மாலையில் பார்த்த கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேகம் இறங்கி வந்து கோபுரத்தை மூடிய அழகை உஷாராணி, தலைவரின் மனைவி, கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மருதமுத்து கிரீஸ் கையோடு நின்று கேட்டார். "அண்ணே, நீங்க மிஸ் பண்ணிட்டீங்க" என்று வேறு ஒருத்தி. வேண்டுமென்றா மிஸ் பண்ணினார்? வாய் வரைக்கும் வந்தது, சூப்போடு சேர்த்து விழுங்கினார்.

அறையில் மோகனா கம்பளியைப் போர்த்திக்கொண்டு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் எடுத்தியா?" என்று கேட்டார்.

"யாரோட எடுக்க? எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்காரரோட எடுத்தாங்க. என்னையும் கூப்பிட்டாங்க, தனியா நில்லுங்க நல்லா இருக்கும்னு. வேணாம்னுட்டேன். தனியா நின்னது வீட்ல ஆல்பம் ஆல்பமா இருக்கு."

"நாளைக்குக் காலையில இருக்குல்ல. பஸ் கிளம்புறதுக்கு முன்ன விடியக்காலம் மறுபடி போறோம்னு தலைவர் சொன்னார்."

"நாளைக்கு அந்த பஸ்ஸுக்கு டயர் போகும். நீங்க மாத்தப் போவீங்க."

"போகமாட்டேன்."

"பாப்போம்" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

விடியற்காலையில் டியேங்கில் புல் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பனி உறைந்து உப்புத் தூவின மாதிரி. மலாக்காவில் பிறந்து வளர்ந்த சனத்துக்கு அது கண்கொள்ளாக் காட்சி, ஆனால் பல் தந்தி அடித்துக்கொண்டிருந்ததால் ஒருவராலும் அதைச் சொல்ல முடியவில்லை. பஸ் நன்றாகத்தான் இருந்தது. மருதமுத்து அதன் பக்கமே போகவில்லை. சட்டையை மாற்றி, தலையைப் படிய வாரி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவளும் கையை உருவிக்கொள்ளவில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போய், தோட்டத்து வழியில் நடந்து, கல் பாவிய முற்றத்தின் விளிம்புக்கு வந்தார்கள். பனிப்புகைக்குள் கறுப்பாக, கட்டை குட்டையாக, அர்ஜுனன் கோயிலும் அதன் வரிசையில் மற்றக் கோயில்களும் மங்கலாகத் தெரிந்தன.

அங்கே புவனேஸ்வரன் நின்றுவிட்டார். நேற்று பதற்றத்தில் எல்லோரும் செருப்போடு போய்விட்டார்களாம். இரவெல்லாம் அவருக்குத் தூக்கமே இல்லையாம். "சாமி இருந்தாலும் இல்லாட்டாலும் கோயில் கோயில்தான். நம்ம ஆளுங்க செருப்புக் காலோட ஏறலாமா? எல்லாரும் கழட்டுங்க."

பக்கத்தில் நின்ற காவல்காரர் பதறிப்போனார். இங்கே யாரும் கழற்றுவதில்லை, கல் உறைந்துகிடக்கிறது, கால் விறைத்துவிடும், வேண்டாம் பாக் என்று கையெடுத்துச் சொன்னார். தலைவர் கேட்பாரா? தன் ஷூவையும் காலுறையையும் கழற்றினார். தலைவர் கழற்றிய பிறகு மற்றவர்கள் சும்மா இருந்தால் நாளைக்குத் தாமானில் பேச்சு வரும். ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். வெறுங்கால் கல்லில் பட்டதும் "ஐயோ" என்று ஒரு காலைத் தூக்கினார்கள். அதை வைத்தால் இன்னொன்று. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் எல்லாம் அந்த முற்றத்தின் ஓரத்தில் நின்று ஆடினார்கள். ஒரு ஜாவாக்காரர் தன் பேத்திக்கு அவர்களைக் காட்டினார்.

செருப்புகள் கண்டபடி கிடந்தன. வழியில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்களே என்று மருதமுத்து குனிந்து ஒரு ஜோடியை ஓரமாக வைத்தார். பிறகு இன்னொரு ஜோடி. உஷாராணியின் வெள்ளை ஷூ மண்ணில் படக்கூடாதே என்று அதைப் புல்லின் மேல் வைத்தார். அவ்வளவுதான். அதற்குள், "ஆங், அண்ணன் இருக்காரு, அண்ணன் பாத்துக்குவாரு" என்று யாரோ சொல்ல, கையிலிருந்த பைகளும் குடைகளும் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன. "ஒன் மினிட் அண்ணே, வந்துடுறோம்." போய்விட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் மோகனா மட்டும் நிற்கிறாள். அவளும் கழற்றிவிட்டாள். மகள் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு.

"உங்கள யாரும் சொல்லல" என்றாள். "இந்தத் தடவை ஒருத்தரும் உங்கள நில்லுன்னு சொல்லல. நீங்களாத்தான் குனிஞ்சீங்க."

"நீ முன்னால போ, நான் இதோ..."

அவள் போய்விட்டாள். ஒரு காலை இழுத்து இழுத்து, உறைந்த கல்லின் மேல், யாரையும் பிடித்துக்கொள்ளாமல் போனாள். பனிப்புகை மூடிக்கொண்டது.

மருதமுத்து செருப்புக் குவியலின் நடுவே நின்றார். கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எவன் திருடப் போகிறான் இந்த மலையில், இந்தக் குளிரில், இந்தச் செருப்பை? கேட்டில் காவல்காரர் வேறு இருக்கிறார். இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை. விட்டுவிட்டுப் போய், திரும்பி வரும்போது ஒன்று குறைந்தால்? "அண்ணன பாத்துக்கச் சொன்னோமே" என்று ஆளாளுக்குக் கேட்டால்? எத்தனை வருஷத்துப் பயம் அது. பத்துமலையில் நின்றவனும் மாரானில் நின்றவனும் தண்ணீர்மலையில் நின்றவனும் ஒன்றுசேர்ந்து அவர் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்கள். புவனேஸ்வரன் மேல் கோபம் வந்தது. அவர் படித்த அந்தப் புத்தகத்தின் மேல் வந்தது. சரியான அளவில் பெல்ட் கொண்டு வராதவன் மேல் வந்தது. எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் தன் மேலேயே வந்து நின்றது. இப்படியும் ஒரு பிறவியா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பனி மெல்ல விலகிற்று. கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை வீடுகளும், ஒரு பள்ளிவாசலின் கோபுரமும் தெரிந்தன, கிழங்குப் பாத்தியில் ஒருவன் மருந்தடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, கூட ஒரு பெண். மூன்று பேரும் குவியலுக்கு முன்னால் நின்றார்கள். அம்மா குனிந்து உஷாராணியின் வெள்ளை ஷூவை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள், அடிப்பக்கம் நம்பரைப் பார்த்தாள். பிறகு மருதமுத்துவிடம் மரியாதையாகக் கேட்டாள்.

"இனி பெராப்பா, பாக்?"

இது என்ன விலை என்று கேட்கிறாள்.

மருதமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவுசிவு என்று ஆகிவிட்டது. விமானம் ஏறி, கடல் தாண்டி, பஸ் தள்ளாத குறையாக மலை ஏறி, கடைசியில் பழைய செருப்பு வியாபாரி என்று பெயர் எடுத்தாயிற்று. அந்த அம்மா தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. செருப்பை வரிசையாக அடுக்கிவைத்துப் பக்கத்தில் ஒருவன் காவலுக்கு நின்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

"எடுத்துக்கம்மா" என்றார் தமிழில். "எல்லாத்தையும் எடுத்துக்க. எனக்கென்ன வந்துச்சு."

விறுவிறு என்று முற்றத்தில் இறங்கி நடந்தார். பின்னால் அந்தக் குடும்பம் ஏதோ கேட்டது. திரும்பவில்லை. பாதி தூரம் போன பிறகுதான் தன் காலில் ஷூ இருப்பது தெரிந்தது. குனிந்து குனிந்து ஊரார் செருப்பை அடுக்கியதில் தன்னுடையதைக் கழற்ற மறந்திருந்தார். இப்போது நின்று கழற்றினால் மறுபடி யாராவது ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். அப்படியே நடந்தார். தாத்தா காலத்திலிருந்து அவர் வம்சத்தில் கோயிலுக்குள் செருப்பு ஏறியதில்லை, அது ஒரு பக்கம் நெஞ்சை அடித்துக்கொண்டிருந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

அர்ஜுனன் கோயில் நம் ஊர்க் கோயில்களைப் பார்த்தவர்களுக்குச் சின்னதுதான். செங்குத்தாகக் கொஞ்சம் படி, நெருக்கமாக ஒரு வாசல், அதற்குள் இருட்டாகக் கல் அறை. சிலையெல்லாம் பக்கத்து மியூசியத்துக்குப் போய்விட்டது. நம் சனம் படிக்குக் கீழே ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுகொண்டு, ஜோடி ஜோடியாக ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மோகனா ஓர் ஓரமாக நின்றாள். எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு நிற்கிறாள் என்பது பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. அவள் பாதம் வெளுத்து, விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"செருப்ப யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

மருதமுத்துவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாமா என்று வந்தது. மற்றவர்கள் கேட்டிருந்தால் பரவாயில்லை. "நீயுமா மோகனா?" என்றார். "நீயும் அதத்தான் கேப்பியா? யாருகிட்டயும் விடல. அங்கயே கிடக்கு. போனா போகட்டும். உன்னோடதும் போனா போகட்டும்."

மோகனா குவியல் கிடந்த பக்கம் பார்த்தாள். தன் புதுச் செருப்பை நினைத்தாளோ என்னவோ. பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றாள். இவர் ஷூவைக் கழற்றக் குனிந்தார். "அத விடுங்க. மறுபடி குனியாதீங்க" என்றாள்.

ஒவ்வொரு படிக்கும் அவள் முட்டி கடகட என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். மேலே வாசலில் புவனேஸ்வரனும் உஷாராணியும் நின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் மருதமுத்துவின் காலைப் பார்த்தார். கண் விரிந்தது. ஆனால் அதைவிட அவசரமான வேலை அவருக்கு இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க மருதமுத்து. எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் புடிச்சிடுங்க, யாரும் ஒழுங்கா எடுக்கல. மோகனா, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று போனை நீட்டினார்.

மருதமுத்துவின் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. அவர் வாங்கவில்லை, கை வாங்கிற்று. மோகனா ஒரு படி கீழே இறங்கத் திரும்பினாள். அந்த முட்டியோடு அவள் இறங்கினால் இன்னொரு தடவை ஏறமாட்டாள். மருதமுத்து இன்னொரு கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"முடியாது சார்" என்றார்.

தலைவருக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ, "என்ன?" என்றார்.

"முடியாது சார். மொதல்ல எங்கள எடுங்க. நீங்க கீழ இறங்கி நில்லுங்க. அம்மா, நீங்களும் கொஞ்சம் தள்ளிக்குங்க." போனைத் தலைவர் கையிலேயே திணித்துவிட்டார்.

கீழே ஒற்றைக் காலில் நின்ற சனம் தூக்கிய காலை வைக்க மறந்துவிட்டது. புவனேஸ்வரன் வாழ்க்கையில் யாருக்கும் படம் எடுத்தவர் இல்லை. அவரைத்தான் ஆள் வைத்து எடுப்பார்கள். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது என்ன செய்வார். வெறுங்காலோடு இறங்கிப் போய், ஐஸ் கல்லில் நின்று, போனை அப்படியும் இப்படியும் திருப்பினார். வாசலில் மருதமுத்துவும் மோகனாவும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். வாசல் அகலம் அவ்வளவுதான், வேறு விதமாக நிற்க முடியாது. மோகனா சிரித்தாள். மருதமுத்துவும் சிரித்தார் என்றுதான் சொல்கிறார்.

திரும்பி வந்து பார்த்தால் செருப்பு அத்தனையும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. காவலே இல்லாமல் ஒன்றுகூடக் குறையவில்லை. சந்தோஷப்படாமல், அதற்குத்தான் அவர் பஸ் ஏறும்வரை பொருமிக்கொண்டே வந்தார்.

பஸ்ஸில் மருதமுத்து மோகனா பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தலைவர் அந்தப் படத்தை அனுப்பிவைத்தார். மோகனா பார்த்தாள், சும்மா போனை அவரிடம் கொடுத்தாள். கோயில் வாசல் தெளிவாக இருந்தது. கல்லில் இருந்த பூவேலைப்பாடு தெளிவாக இருந்தது. மோகனாவின் சிரிப்பு நெற்றிப் பொட்டோடு தெளிவாக இருந்தது. அவளுக்கு வலப்பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, தலைவரின் கட்டைவிரல்.

திரும்பிப் போகலாம் என்றால் பஸ் அதற்குள் பாதி மலை இறங்கிவிட்டது. "ஒரு படம் எடுக்கத் தெரியல, தலைவராம்" என்று மருதமுத்து வொனோசோபோ வரும்வரை புலம்பினார். அன்றைக்கு அவர் புலம்பிய அளவுக்கு ஆயுசிலேயே புலம்பியதில்லை என்று மோகனா சொல்வாள்.

இப்போது அந்தப் படம் பெரிதாகக் கழுவி, கண்ணாடி போட்டு, ஆயர் குரோ வீட்டு ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து மோகனா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஆல்பத்தை எடுக்க இப்போதெல்லாம் எழுந்திருப்பதில்லை. வருகிறவர்களிடம் கை நீட்டிச் சுவரைக் காட்டுகிறாள். "பாத்தீங்களா, நாங்க ரெண்டு பேரும்" என்கிறாள். அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்.

"அண்ணன் எங்கக்கா?"

"அந்த விரலுக்குப் பின்னால" என்கிறாள். "நல்லா நிக்கிறாரு. நான்தான் கையப் புடிச்சிருந்தேன், எனக்குத் தெரியாதா?"

மருதமுத்து பூச்செடிப் பக்கம் போவதில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தப் படத்தைக் கழற்றிவிடு என்று வருகிறவர்கள் எல்லோர் முன்னாலும் அவளோடு சண்டை போடுகிறார்.